டியூப்லைட்டுல எடுத்த வீடியோவுல கறுப்புப் பட்டை ஓடுதுன்னு கேட்டதுக்கு

ஷட்டர் ஸ்பீடை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்கற நேரத்தை, 1/50 செகண்டுல வச்சு லாக் பண்ணிடுங்க, ஃபிரேம் ரேட்ல (செகண்டுக்கு எத்தனை படம்ங்கறது) 25 இருந்தா அதையும் வைங்க, பட்டை போயிடும். கேமரா ஆப்ல ப்ரோ வீடியோ மோடுக்குள்ள போய்ப் பாருங்க. 1/50 சரிவரலைன்னா 1/100.

பாப்பா கேக் வெட்டறப்போ பின்னாடி சுவத்துல பட்டை பட்டையா நகருதுன்னு எழுதியிருந்தீங்க, அதுக்காக புது போன் வாங்கிடாதீங்க ப்ளீஸ். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சுழற்சி, ஒவ்வொரு சுழற்சிக்கும் லைட் ரெண்டு தடவை மங்கும், அதனால பழைய டியூப்லைட்டும் சில மலிவு எல்ஈடியும் செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா போன் சென்சார் படத்தை வரிவரியா படிக்கிறதால ஷட்டர் 1/60, 1/125னு இருந்தா சில வரிக்கு மட்டும் வெளிச்சம் கம்மியா விழுது, அதான் அந்தப் பட்டை. 1/50, 1/100-ல எல்லா வரிக்கும் ஒரே அளவு விழும்.

சந்தேகமா இருந்தா பகல்ல அதே ரூம்ல லைட்டை அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல பத்து செகண்ட் எடுத்துப் பாருங்க. பட்டை இல்லைன்னா லைட்தான் காரணம். அப்பவும் இருந்தா சர்வீஸ்ல காட்டுங்க.

ஒண்ணு, ஸ்லோ மோஷனுக்கு இது உதவாது. 120 ஃபிரேம்ல எடுக்கறப்போ ஷட்டரை 1/120-ஐ விட மெதுவா வைக்கவே முடியாது, அதனால 1/50, 1/100 ரெண்டுமே கிடைக்காது. மெழுகுவத்தி ஊதறதை அப்படி எடுக்க ஆசைன்னா சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காம வெளிச்சம் இருக்கறப்பவே மேஜைய ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு எடுங்க, குழந்தை முகமும் அழகா வரும். வெளிய எடுக்கறப்போ மறக்காம ஆட்டோவுக்கு மாத்திடுங்க, 1/50-லயே விட்டா வெயில்ல எல்லாம் வெளுத்துடும்.