பெட்டூனியா வெயிலில் கருகுகிறதா? காட்டுப் பெட்டூனியா வைக்கும் முன் ஒரு யோசனை

கேள்வி: திருச்சியில் வசிக்கிறோம். வருடா வருடம் நர்சரியில் பெட்டூனியா வாங்கி வைக்கிறேன். பங்குனி வெயில் வந்ததும் கருகிப்போகிறது. நர்சரிக்காரர், "மெக்சிகன் பெட்டூனியா வையுங்க, சாகவே சாகாது" என்கிறார். வாசல் ஓரமாக 10 அடிக்கு மண் பாத்தி இருக்கிறது, மாடியில் தொட்டிகளும் இருக்கின்றன. எதில் வைக்கலாம்? பூ மதியத்துக்குள் உதிர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெட்டூனியா கருகியதற்கு உங்கள் பராமரிப்பைக் குறை சொல்ல மாட்டேன். அது கத்தரி, தக்காளி குடும்பத்துச் செடி. நம் சமவெளியில் பனிக்காலத்துக்கு மட்டும்தான் ஒத்துவரும். கார்த்திகையில் வைத்தால் மாசி வரை பார்க்கலாம், அவ்வளவுதான்.

மெக்சிகன் பெட்டூனியா, காட்டுப் பெட்டூனியா என்றெல்லாம் விற்கப்படும் ருயெல்லியாவுக்கும் அதற்கும் பூவின் வடிவத்தைத் தவிர ஒரு சொந்தமும் கிடையாது. இது கனகாம்பரக் குடும்பம். வெயில் தாங்கும், வருடக்கணக்கில் இருக்கும். நர்சரிக்காரர் சொன்ன "சாகவே சாகாது" நிஜம். வாங்கும் முன் யோசிக்க வேண்டியதும் அதைத்தான்.

அவர் காட்டியது பெரும்பாலும் ருயெல்லியா சிம்ப்ளெக்ஸாக இருக்கும். அரளி இலை போல நீண்டு ஒடுங்கிய இலை, வெயிலில் ஊதா ஏறிய தண்டு, மூன்று நான்கு அடி உயரம். தண்ணீர் தேங்கினாலும் வளரும், காய்ந்தாலும் வளரும். மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடி, பக்கத்திலேயே புதுக்கன்று முளைக்கும். காய் முற்றினால் வெடித்து விதையைத் தூர எறியும். எவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு காட்டுப் பெட்டூனியாவை அமெரிக்க ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2018-ல் வெளியிட்டார்கள். அதன் விதைகள் சுழன்றபடியே 7 மீட்டர் வரை பறக்கின்றன. உங்கள் 10 அடிப் பாத்தி எந்த மூலைக்கு? புளோரிடாவில் இந்த மெக்சிகன் பெட்டூனியா நீர்நிலை ஓரங்களில் பரவி, ஆக்கிரமிப்புச் செடிகள் பட்டியலில் ஏறிவிட்டது. விதை கட்டாத ரகங்களைப் புளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கியதே அதனால்தான்.

ஆகவே உயர வகையை மண்ணில் நேரடியாக வைக்காதீர்கள். வாய்க்கால், குளம் அருகில் வீடு என்றால் தொட்டியிலும் வேண்டாம். அந்தப் பூதான் வேண்டும் என்றால் 'கேட்டி' எனப்படும் குட்டை ரகத்தைக் கேளுங்கள். ஒரு அடிக்குள் அடர்ந்து நிற்கும். 10 அங்குலத் தொட்டி போதும், மாடிக்கு ஏற்றது. அதுவும் விதை போடும் என்பதால், காய்களைப் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள்.

வாசல் பாத்திக்கு என் தேர்வு வேறு: ருயெல்லியா டியூபரோசா. பெயர்தான் புதிது, செடியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் காயைத் தண்ணீரில் போட்டு, 'பட்' என்று வெடிப்பதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்களே, அந்தப் பட்டாசுக்காய்தான். சில ஊர்களில் வெடிக்காய் என்பார்கள். இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், இதுவும் பரவும். ஆனால் நம் சாலையோரமெல்லாம் ஏற்கெனவே பரவிவிட்ட செடி என்பதால், நீங்கள் புதிதாக ஒரு தொல்லையைக் கொண்டுவந்தவர் ஆக மாட்டீர்கள். வேரில் கிழங்கு இருப்பதால், கோடையில் மேல்செடி காய்ந்தாலும் மழைக்குத் துளிர்க்கும். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம்; பழுப்பேறிய காய்களைப் பறித்து, ஒரு துணிப்பைக்குள் வைத்தால் விதை சிதறாது. விதை ஈரம் பட்டதும் வழவழப்பாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை.

அந்நியச் செடியே வேண்டாம் என்று நினைத்தால், நம் வேலியோரங்களில் தரையோடு படரும் ருயெல்லியா பட்டூலா இருக்கிறது. வெளிர் ஊதாவில் சின்னப் பூ. பார்வைக்கு எடுப்பாக இருக்காது, எனக்குப் பிடிக்கும்.

பூ மதியம் உதிர்வது நோய் இல்லை, அதன் இயல்பு. காலையில் விரிந்து வெயில் ஏறியதும் கொட்டிவிடும், மறுநாள் புதுப்பூ வரும். மாலையில் தோட்டத்தில் உட்காருபவர் என்றால் இந்தச் செடி உங்களுக்கு ஏமாற்றம்தான். காலைக் காபிக்காரர்களுக்கு உகந்தது.

வளர்ப்பில் பெரிய வித்தை இல்லை. ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சமமாகக் கலந்தால் போதும். யூரியா பக்கம் போகாதீர்கள், செடி மதமதவென்று வளர்ந்து பூ குறையும். குட்டை ரகத்துக்கு மழைக்காலத்தில் அரை அடித் தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரமணலில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். தண்டு நீண்டு கலைந்து நின்றால் பாதிக்குக் கீழே வெட்டிவிடுங்கள், புதுக்கிளையில்தான் பூ நன்றாக வரும்.

அப்புறம், இலையில் முள்முள்ளாகக் கருத்த புழுக்களைப் பார்த்தால் மருந்தைத் தூக்காதீர்கள். லெமன் பான்சி, சாக்லேட் பான்சி போன்ற பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் இந்தக் குடும்பச் செடிகளில் முட்டையிடும். இலை போனாலும் செடி மீண்டுவிடும். வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பினால் மட்டும் அந்த நுனியைக் கிள்ளி எறிந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக்கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். புழு இருக்கும் கிளைகளை விட்டுவிட்டு.