தலைக்கு எவ்வளவு? குடும்பத்தோடு போகிறவர்களுக்கு விசா கட்டணக் கேள்வி பதில்

நம் பெங்களூரு தமிழ்க் குழுவில் விசா கட்டணம் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐடி நிறுவனத்தில், ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தது வேலைத்திறன் விசாவும் அதன் செலவுக் கணக்கும்தான். கட்டணங்கள் அடிக்கடி மாறும். அதனால் நான் சொல்லும் தொகையோடு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (மாரத்தஹள்ளி): ஆஸ்திரேலியா 189 விசாவுக்கு 4,910 டாலர் என்று பார்த்தேன். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதானே அக்கா?

பதில்: இல்லை தம்பி. 189 என்பது வேலைத்திறனை வைத்துத் தரும் நிரந்தர விசா. அந்தத் தொகை உங்கள் ஒருவருக்கு மட்டும். 2025 ஜூலை 1 முதல் உள்ள கணக்குப்படி, கூட வரும் 18 வயது நிரம்பியவருக்கு 2,455, அதற்குக் கீழே உள்ளவருக்கு 1,230. நான்கு பேருக்கும் சேர்த்து 9,825 ஆஸ்திரேலிய டாலர். டாலர் 60 ரூபாய் என்று வைத்தால் 5,89,500 ரூபாய். விசா கார்டிலோ மாஸ்டர்கார்டிலோ கட்டினால் அவர்கள் தரப்பில் 1.4 சதவீதம் கூடும். நம் ஊர் வங்கி பல கார்டுகளில் 3.5 சதவீதம் மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போடும். அது மட்டும் 24,000 ரூபாய் வரும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். உங்கள் மனைவிக்கு அடிப்படை ஆங்கிலம் தெரியும் என்பதற்குச் சான்று இல்லையென்றால், இரண்டாம் தவணை என்று 4,890 டாலர் தனியாகக் கேட்பார்கள். அதே கணக்கில் 2,93,400 ரூபாய்! விண்ணப்பிக்கும் அன்று இது திரையில் வராது. எல்லாம் முடிந்து விசா கொடுக்கத் தயாரான பிறகுதான் கடிதம் வரும். வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் வந்து இடியாக விழும். இதைத் தவிர்க்கத் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, அப்புறம் ஆங்கில வழியில் பி.எஸ்சி. முடித்தவர்கள் நம்மில் ஏராளம். அந்தப் பட்டப்படிப்பே போதும். கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் பெயர், படிப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது ஆகிய நான்கும் இருக்கும்படி கடிதம் வாங்குங்கள். முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். கிருஷ்ணகிரியிலோ திருப்பத்தூரிலோ படித்தவர் என்றால் ஊருக்குப் போகும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் பயிற்று மொழி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அப்படி எதுவும் இல்லாதவர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதிச் சராசரி 4.5 வாங்கினால் சரி. பயிற்சி எடுத்தால் எட்டக்கூடிய மதிப்பெண்தான் அது.

கேள்வி (ஜீவன் பீமா நகர்): பெண்ணுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. அவசரப்பட வேண்டுமா?

பதில்: விண்ணப்பிக்கச் சொல்லி ஆஸ்திரேலிய அரசு அனுப்பும் அழைப்பு கையில் இருந்தால், ஆமாம். விண்ணப்பித்த நாளின் வயதுதான் கணக்கு. பிறந்தநாளுக்கு முன் கட்டினால் 1,230, பிறகு கட்டினால் 2,455. 18 ஆகிவிட்டால் மேலே சொன்ன ஆங்கிலச் சான்றும் அவளுக்கு வேண்டும், இன்னும் உங்களைச் சார்ந்துதான் இருக்கிறாள் என்பதற்கும் காகிதம் காட்ட வேண்டும்.

கேள்வி (கே.ஆர். புரம்): பிரிட்டன் ஸ்கில்டு ஒர்க்கர் விசா. மூன்று வருட ஒப்பந்தம். நான், மனைவி, ஒரு குழந்தை. 769 பவுண்ட் கட்டணம்தானே?

பதில்: 2025 ஏப்ரல் 9-ல் வந்த கணக்குப்படி, மூன்று வருடம் வரையான விசாவுக்குப் பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால் தலைக்கு 769. மூவருக்கு 2,307. பிரிட்டனில் பணம் போவது விசாவுக்கு அல்ல, அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக வாங்கும் சுகாதாரக் கூடுதல் கட்டணத்துக்கு. பெரியவருக்கு வருடத்துக்கு 1,035, 18 வயதுக்குக் கீழ் 776. மூன்று வருடத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். உங்கள் மூவருக்கு 8,538 பவுண்ட். விசா கட்டணத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். இதை நிறுவனம் தருமா என்று ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். குடும்பத்துக்கும் சேர்த்தா, உங்களுக்கு மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் அரசுக்குக் கட்டும் திறன் வரியை உங்கள் தலையில் கட்டக் கூடாது, அது விதி. விசா மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விசா கட்டணம் வராது. ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போகும் செவிலியர்களுக்குச் சுகாதாரக் கட்டணமே இல்லை.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): எல்லாம் சேர்த்து ரூபாயில் எவ்வளவு ஆகும் மேடம்?

பதில்: எந்த நாடு, எந்த விசா, எத்தனை பேர், என்ன வயது? இந்த நான்கும் சொல்லுங்கள்.

கேள்வி (கோரமங்களா): கன்சல்டன்சியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி ப்ரொஃபைல் போட அரசுக் கட்டணம் என்று 40,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது கனடாவில் வேலைத்திறனை வைத்து நிரந்தரமாகக் குடியேறும் வழி. அந்த ப்ரொஃபைல் போட அரசு ஒரு டாலர்கூட வாங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் அழைப்புக்காக முதலில் போடும் விருப்ப விண்ணப்பமும் இலவசம். அவர்கள் உழைப்புக்குக் கூலி கேட்கலாம், அதை அரசுக் கட்டணம் என்று சொல்லிக் கேட்பது பொய். அரசுப் பணத்தை உங்கள் கார்டில், உங்கள் கணக்கில் நுழைந்து, நீங்களே கட்டுங்கள். ரசீது உங்கள் மின்னஞ்சலுக்கு வர வேண்டும். ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பு கனடாவில் சிஐசிசி, ஆஸ்திரேலியாவில் மாரா. கனடாவுக்கு ஆலோசகர் என்றால் சிஐசிசி பதிவும், ஆஸ்திரேலியாவுக்கு மாரா எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (கே.ஆர். புரம், மீண்டும்): இவ்வளவு ஆகுமென்றால் முதலில் தனியாகப் போய்விட்டு, காலூன்றிய பிறகு குடும்பத்தைக் கூப்பிடுவதுதானே புத்திசாலித்தனம்? என் நண்பன் லண்டனுக்கு அப்படித்தான் போனான்.

இதற்கு பானஸ்வாடி அக்கா ஒருவர், "பிள்ளைகளைப் பிரிந்திருப்பதற்குக் கணக்குப் போட முடியுமா? எல்லாரையும் சேர்த்தே போடுங்கள்" என்று எழுத, இருபது பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். மற்ற கேள்விகள் எல்லாம் கீழே போய்விட்டன. சரி, இதைப் பேசியே விடுவோம்.

பதில்: லண்டன் நண்பர் செய்தது அந்த நாட்டுக்குப் பொருந்தும். அங்கே குடும்பம் ஒரு வருடம் கழித்துப் போனால், மீதமுள்ள காலத்துக்கு மட்டும் சுகாதாரக் கட்டணம். உண்மையிலேயே மிச்சம்தான். ஆஸ்திரேலியாவில் இதே வேலையைச் செய்தால் கை சுடும். முதலிலேயே மனைவியைச் சேர்த்தால் மேலே சொன்ன 2,455 டாலர். நீங்கள் மட்டும் நிரந்தர விசாவில் போய், பிறகு துணைவர் விசாவில் கூப்பிட்டால் 2025 ஜூலைக் கணக்குப்படி 9,365 டாலர், காத்திருப்பு வேறு. பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டணம்.

கனடாவில் இன்னும் கவனம் வேண்டும். 2024 ஏப்ரல் 30-ல் வந்த கணக்குப்படி முதன்மை விண்ணப்பதாரருக்கும் துணைவருக்கும் தலைக்கு 1,525 கனடா டாலர், பிள்ளைக்கு 260. பயோமெட்ரிக் எனும் கைரேகை, புகைப்படப் பதிவுக்குத் தலைக்கு 85, குடும்பத்துக்கு அதிகபட்சம் 170. கூட வராத துணைவருக்கு அந்த 1,525 கட்ட வேண்டாம் என்பது சரிதான். ஆனால் அவரை விண்ணப்பத்தில் காட்டியே ஆக வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். காசு மிச்சம் என்று மனைவியையோ குழந்தையையோ மறைத்துவிட்டுப் போனால், பின்னால் குடும்ப ஸ்பான்சரில் கூப்பிடும் வழி அடைபட்டுவிடும். யார் எந்த யோசனை சொன்னாலும் இதை மட்டும் செய்யாதீர்கள். குடும்பத்தைக் காட்டாமல் விடுவது வேறு, பிறகு அழைத்துப்போவது வேறு.

பானஸ்வாடி அக்கா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனாலும் கையில் பணம் இல்லாதவரிடம் சேர்த்தே போங்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. மூன்று மாதம் தள்ளிப்போட்டு, எல்லாருக்கும் சேர்த்து விண்ணப்பிப்பது பல வீடுகளில் நடக்கக்கூடியதே. அழைப்பின் கெடு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அல்சூர்): மனைவி ஆறு மாதக் கர்ப்பம். குழந்தைக்கும் இப்போதே கட்ட வேண்டுமா?

பதில்: ஆஸ்திரேலியா என்றால் வேண்டாம். விண்ணப்பித்த பிறகு, முடிவு வருவதற்குள் பிறக்கும் குழந்தையைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் எடுத்துத் தெரிவியுங்கள். விசா கிடைத்த பிறகு ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பிறந்தால் குழந்தைக்குத் தனி விசா, தனிக் கட்டணம். அதனால் பிரசவத் தேதி நெருங்கினால் விசா கொடுக்கும் துறைக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கேள்வி (ஃப்ரேசர் டவுன்): அப்பா அம்மாவையும் இதே விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

பதில்: ஆஸ்திரேலியாவில் 2016 நவம்பரிலிருந்து முடியாது. பெற்றோர் விசா வேறு உலகம், என் துறை இல்லை. பதிவு பெற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி (பெல்லந்தூர்): எச்-1பி-க்குக் கம்பெனி என்னிடம் பாதி கேட்கிறது.

பதில்: எச்-1பி என்பது அமெரிக்க வேலை விசா. அதற்குக் கம்பெனிதான் அரசிடம் மனு போடும், அந்த மனுவின் செலவும் கம்பெனியுடையது. 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டணமும் கம்பெனி கட்ட வேண்டியதே. ஒப்புக்கொள்ளாதீர்கள். குடும்பத்துக்கான எச்-4 விசா விண்ணப்பக் கட்டணம் தலைக்கு 205 டாலர்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): எல்லாம் சேர்த்து ரூபாயில் எவ்வளவு?

பதில்: மேலே எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. அந்த நான்கு விவரமும் இல்லாமல் நான் ஒரு தொகை சொன்னால், அதை நம்பி நீங்கள் கடன் வாங்குவீர்கள். அதற்கு நான் தயாரில்லை.

கேள்வி (ஓசூர் சாலை): ஜூன் 30 அன்று சம்பளம் வரும். அன்று இரவே 189 கட்டிவிடலாமா?

பதில்: இரவு வரை வைக்காதீர்கள். ஆஸ்திரேலியா வழக்கமாக ஜூலை 1-ம் தேதி கட்டணத்தை உயர்த்தும். நம் ஊரில் ஜூன் 30 மாலை ஏழரை மணிக்கே கான்பெராவில் ஜூலை 1 பிறந்துவிடும். புதுக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்தே இருக்கும், வங்கி ஆப்பில் போய் ஆன் செய்ய வேண்டும். வரம்பையும் ஆறு லட்சத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். பெரிய தொகை என்று வங்கி நிறுத்திவிட்டால், போன் போட்டுப் பேசி விடுவிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். நண்பரிடம் கைமாற்று வாங்கியாவது ஜூன் 28-க்குள் கட்டிவிடுங்கள்.