பழைய தண்டர்பேர்டுக்கு ஸ்பீக்கர்: பேட்டரியில் இருந்து தொடங்குங்கள்

கானாடுகாத்தானில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 2006-ல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 இருக்கிறது. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டி, 14 ஏ.ஹெச். பேட்டரி. நானும் மனைவியும் ராமேஸ்வரம், பழனி, கொடைக்கானல் என்று அடிக்கடி நெடும்பயணம் போவோம். போகும்போது பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் மாட்ட ஆசை. கடையில் 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரும் ஹேண்டில்பாரில் மாட்டும் இரண்டு ஸ்பீக்கர்களும் காட்டினார்கள். வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) வைத்துப் போட்டுப் பார்த்தேன், அதிர்ந்தது. ஆனால் என் மெக்கானிக், 'வேண்டாம்ணே, வயரிங் எரிஞ்சிடும்' என்கிறார். மாட்டலாமா, கூடாதா?"

மாட்டலாம். ஆனால் மெக்கானிக்கின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. இருபது வருட வண்டியில் ஸ்பீக்கர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். வண்டி எவ்வளவு மின்சாரம் தயாரிக்கிறது, அதில் எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்தால்தான் எதை வாங்குவது என்றே முடிவு செய்ய முடியும்.

முதலில் அந்த 500 வாட்ஸ். 12 வோல்ட்டில் 500 வாட்ஸ் வேண்டுமென்றால் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். பைக்கின் மெயின் ஃப்யூஸ் அதில் பாதிகூடத் தாங்காது. அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு, ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் வந்து போகும் உச்சம். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அது எழுதப்படாத பெட்டி என்றால் ஆம்ப்ளிஃபையரோடு வரும் ஃப்யூஸைப் பாருங்கள். 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருந்தால், 13 வோல்ட்டில் அது உள்ளே வாங்குவதே 65 வாட்ஸ்தான். வெளியே வருவது அதைவிடக் குறைவு. விளம்பரம் என்ன சொன்னாலும் ஃப்யூஸ் பொய் சொல்லாது.

இனி வண்டிக்கு வருவோம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்க வேண்டும். 12.2 என்று காட்டினால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான் மிச்சம். மீட்டரை எடுக்காமல் செல்ஃப் அடியுங்கள். அந்த நேரத்தில் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அதன் மேல் பாட்டுச் சுமையை ஏற்ற வேண்டாம், முதலில் மாற்றுங்கள். வண்டி ஓடும்போது, ஹை பீம் போட்டுக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை ஓரளவு முறுக்கினால் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். முறுக்கியும் 13.2-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பழுது. அப்படியே விட்டால் பேட்டரியும் வேகும், புது ஆம்ப்ளிஃபையரும் போகும்.

சார்ஜிங் குறைவு என்றதும், மின்சாரம் தயாரிக்கும் சுருளான ஸ்டேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்த வயது வண்டிகளில் பல சமயம் குற்றவாளி கனெக்டர்தான். ஸ்டேட்டரின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையருக்குப் போகும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பாகியிருக்கும். சுத்தம் செய்து, தேவைப்பட்டால் புது டெர்மினல் போட்டு, மெல்லியதாக வாசலின் தடவி மாட்டுங்கள். சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் எர்த் முனையையும் கழற்றி, துருவைத் தேய்த்தெடுத்து, இறுக்கமாக மாட்டுங்கள். இந்த வேலையை முடித்துவிட்டு மறுபடி அளந்தால் அரை வோல்ட் வரை கூடுவது உண்டு. பாட்டு வேண்டாம் என்று நீங்கள் மனம் மாறினால்கூட இந்தச் சோதனை வண்டிக்கு நல்லது.

எடை குறையுமே என்று லித்தியம் பேட்டரிக்கு மாறச் சிலர் சொல்வார்கள். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உங்களுக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது, அந்த வேதியியலின் அருமை உங்கள் பகுதிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பழைய ரெகுலேட்டர் உள்ள வண்டியில் லித்தியம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வோல்ட் எகிறினால் ஈய பேட்டரி ஓரளவு பொறுத்துக்கொள்ளும், லித்தியம் பொறுக்காது.

சுமைக் கணக்கு எளிது. ஹெட்லைட் 55 அல்லது 60 வாட்ஸ், பிரேக் விளக்கு 21, இவை போக இண்டிகேட்டர், இக்னிஷன். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். உங்களுடையதில் அணைக்க முடியும் என்பது உங்களுக்கு லாபம். பகலில் அந்த 55 வாட்ஸ் அப்படியே மிச்சம். 20 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். வீதம் இரண்டு சேனல் உள்ள கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் 85 சதவீதம் என்றால், முழு வீச்சில் சுமார் 47 வாட்ஸ், அதாவது 4 ஆம்பியருக்குள். பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை. சராசரி இழுப்பு 1 ஆம்பியரை ஒட்டித்தான் இருக்கும். சார்ஜிங் சரியாக உள்ள உங்கள் வண்டி இதைத் தாங்கும். பழைய கிளாஸ் ஏபி வகை வேண்டாம். வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக்கி வீணடிப்பது அது. இரவில், ஹெட்லைட் எரிய, சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் வண்டி ஐடிலில் நிற்கும்போது மட்டும் பாட்டைக் குறைத்து வையுங்கள். எஞ்ஜினை அணைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து கேட்பதென்றால் அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் 350 சி.சி. எஞ்ஜினைச் செல்ஃபில் சுழற்றுவதற்கான தெம்பு பேட்டரியில் குறைந்துகொண்டே வரும்.

இப்போது ஸ்பீக்கர். வளவில் அதிர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிராமல் என்ன செய்யும்? நான்கு பக்கமும் சுவர், மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, காலடியில் ஆத்தங்குடிக் கல். எழும் ஒலி எல்லாம் திரும்பி உங்கள் காதுக்கே வந்திருக்கும். திருமயம் தாண்டி வெட்டவெளியில் போகும்போது ஒலியைத் திருப்பி அனுப்ப எதுவும் கிடையாது. சாலையில் முதலில் காணாமல் போவது கீழ்ச்சுருதி. தவிலில் வலப்பக்கமான வலந்தலையின் விரல் வீச்சு காதில் விழும், இடப்பக்கமான தொப்பியின் அடி விழாது. நாகஸ்வரம் பளிச்சென்று கேட்கும். அதனால் பாஸ் (கீழ்ச்சுருதி) வேண்டும் என்று பெரிய ஸ்பீக்கரைத் தேடிப் போவது வீண். ஆம்ப்ளிஃபையரில் கீழ்ச்சுருதியைத் தடுக்கும் 'ஹை பாஸ்' ஃபில்டர் இருந்தால் 120 முதல் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். எப்படியும் கேட்காத ஒலிக்காகப் பேட்டரியைக் கரைக்க வேண்டியதில்லை, ஸ்பீக்கர் கரகரப்பதும் குறையும்.

வாட்ஸைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு, கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை: சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி சக்தி போதும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் கொடுத்துப் பெறும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸிலேயே கொடுத்துவிடும். மின்சாரம் அளவாக இருக்கும் பழைய வண்டிக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. 90-க்கு மேல் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபையர் 4 ஓம் தாங்குமா என்பதைப் பார்த்துவிட்டு 4 ஓம் ஸ்பீக்கர் எடுங்கள். தூரமும் கணக்கில் வரும்: காதில் இருந்து ஸ்பீக்கர் இரு மடங்கு தள்ளிப் போனால் சுமார் 6 டெசிபல் குறையும். லெக் கார்டில் மாட்டுவதைவிட ஹேண்டில்பாரில் மாட்டுவது இதனால்தான் மேல்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய ரேடியோ ஸ்பீக்கர்கள் கண்ணைப் பறிக்கும். வீட்டில் வைக்க வாங்குங்கள், வண்டிக்கு வேண்டாம். காகிதக் கூம்பு ஐப்பசி மழையில் ஊறிவிடும். பாலிப்ரோப்பிலீன் கூம்பும் ஐ.பி.65 அல்லது ஐ.பி.67 தரமும் உள்ளதாகப் பாருங்கள். முதல் எண்ணான 6 தூசி புகாது என்பதைக் குறிக்கிறது. உங்கள் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு மழைத் தடுப்பைவிட அதுதான் அவசியம்.

வயரிங்தான் மெக்கானிக்கின் பயம் மெய்யாகும் இடம். ஹெட்லைட் டூமுக்குள் கிடைத்த வயரில் சுரண்டி முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. பேட்டரியின் பாசிட்டிவில் இருந்து தனி வயர் இழுங்கள். முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் வர வேண்டும். ஃப்யூஸ் காப்பது வயரைத்தான். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் நடுவில் வயர் உரசிச் சேஸிஸைத் தொடும்போது அது எதையும் தடுக்காது. 1.5 சதுர மி.மீ. வாகன வயர் போதும். அடுத்து ஒரு நான்கு முனை ரிலே, சிறு மின்சாரத்தால் பெரிய சுமையை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச் அது. முனைகளில் எண் போட்டிருக்கும். 30-ல் பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் வழியாக வரும் வயர், 87-ல் ஆம்ப்ளிஃபையர், 85-ல் எர்த், 86-ல் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு வயர். ஹாரனுக்குப் போகும் சப்ளை இதற்கு ஏற்றது, மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய சாவி சுவிட்சின் மேல் இதனால் புதுச் சுமை ஏறாது. சாவியை எடுத்ததும் புளூடூத் ஆம்ப்ளிஃபையரும் அடியோடு அணைந்துவிடும்.

நெகட்டிவையும் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள். பெயின்ட்டும் துருவும் உள்ள சேஸிஸில் எர்த் எடுத்தால் எஞ்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம் பாட்டில் நுழையும். ஃபோனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு ஆக்ஸ் வயரிலும் பாடவிட்டால் இதே தொல்லை வரும். புளூடூத்துக்கு மாறினால் போய்விடும். எஃப்.எம். கேட்கும்போது படபடவென்று இரைந்தால் ஸ்பார்க் பிளக் கேப்பை ரெசிஸ்டர் உள்ளதாக மாற்றுங்கள். இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட கிரிம்ப் செய்வது (டெர்மினலை வயரோடு நெருக்கி அழுத்துவது) இந்த வண்டிக்கு நல்லது. ஒற்றை சிலிண்டரின் அதிர்வில், ஈயம் முடியும் இடத்தில் வயர் ஒடியும்.

ஆம்ப்ளிஃபையரைப் பக்கவாட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம், ரெக்டிஃபையரின் சூடு படாமல். கிளாம்ப் வாங்கும் முன் ஹேண்டில்பாரின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், 22 மி.மீ., 25 மி.மீ. இரண்டும் விற்கின்றன. மாட்டியதும் ஹேண்டிலை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எதுவும் இழுபடக் கூடாது.

ஒரு விஷயத்தில் என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். ஸ்பீக்கர் 60 கி.மீ. வேகம் வரைக்கும்தான். 80-ஐத் தொடும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதை மீறிப் பாட்டுக் கேட்க வைத்தால் காது கெடும், நிச்சயமாக. ராமேஸ்வரம் சாலையில் 80, 90-ல் போகிறவர் நீங்கள் என்றால், இரண்டு ஹெல்மெட்டுக்கும் புளூடூத் இன்டர்காம் வாங்குங்கள். வண்டியின் வயரைத் தொடவே வேண்டாம். ஹேண்டில்பார் ஸ்பீக்கரில் உங்கள் முதுகு மறைத்து, பின்னால் இருக்கும் உங்கள் மனைவிக்குப் பாதிப் பாட்டுதான் போகும். இன்டர்காமில் அவரும் முழுதாகக் கேட்பார், பேசிக்கொண்டும் போகலாம். அதையும் மட்டான சத்தத்தில் வையுங்கள், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்க வேண்டும். ஊர் வீதிகளிலும் கிராமச் சாலைகளிலும் நிதானமாகப் போகிறவர் என்றால் ஸ்பீக்கர் இனிமையான துணை.

சட்டம் பற்றியும் இரண்டு வரி. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு தனி. அங்கெல்லாம் அணைத்துவிடுங்கள். தைப்பூச சமயத்தில் பழனி போவதாக இருந்தால் இன்னொன்று: குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியில் நகரத்தார் காவடியும் பாத யாத்திரைக் கூட்டமும் இருட்டில் சாலையோரமாக நடந்துகொண்டிருக்கும். அவர்கள் வாயில் முருகன் பாட்டு இருக்கும்போது உங்கள் ஸ்பீக்கர் வாய் மூடியிருப்பதுதான் மரியாதை. இருட்டில் நடப்பவர்களின் குரலும் கைத்தடிச் சத்தமும் உங்கள் காதில் விழ வேண்டியது பாதுகாப்புக்கும் தேவை.

எல்லாம் மாட்டி முடித்தபின், முதல் 200 கி.மீ. ஓடியதும் கிளாம்ப் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். எளிதில் தளராத நைலாக் நட் போட்டிருந்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் பேட்டரியை மறுபடி அளந்து, பழைய அளவோடு ஒப்பிடுங்கள். 12.6 இருந்த இடத்தில் 12.4 காட்டினால், சாவி எடுத்த பிறகும் 87-ம் முனையில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ரிலேயைத் தூண்டும் வயரைத் தவறான இடத்தில் எடுத்திருக்கிறார்கள் அல்லது ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே உங்கள் மெக்கானிக் சீக்கிரமே சரிசெய்யக்கூடிய வேலைதான்.