திருத்தந்தை இல்லாத தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செல்லுமா?

அன்புள்ள சகோதரருக்கு,

2013 பிப்ரவரி 28 அன்று உரோமை நேரப்படி இரவு 8 மணிக்குத் திருத்தந்தை (போப்பாண்டவர்) 16ஆம் பெனடிக்ட்டின் பதவி விலகல் நடைமுறைக்கு வந்தபின் தாங்கள் செய்த பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செல்லுமா, திருப்பலியில் குருவானவர் திருத்தந்தையின் பெயரை விட்டுவிட்டது சரியா, சர்க்கரை நோயுள்ள 62 வயதுத் தாயார் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாவமன்னிப்பு முழுமையாகச் செல்லும். குருவானவர் தம் குருத்துவத்தாலும், பொதுவாகத் தம் ஆயர் வழங்கிய அதிகாரத்தாலும் பாவங்களை மன்னிக்கிறார். திருத்தந்தையின் இருக்கை காலியானதும் அந்த அதிகாரம் அற்றுப்போவதில்லை. உரோமைத் தலைமைச் செயலகத் துறைத் தலைவர்களில் பெரும்பாலோர் அப்போது பதவியிழந்திருந்தாலும், பாவமன்னிப்பு தொடர்பான உச்ச நீதிமன்றத்தின் தலைவரான கர்தினால் பணியைத் தொடர்ந்தார் என்பதே, மனந்திரும்புவோருக்கான கதவை ஒருநாளும் அடைக்கக் கூடாது என்ற திருச்சபையின் கவனத்தைக் காட்டுகிறது. ஆகவே, தங்களுக்குத் தரப்பட்ட சிலுவைப்பாதைப் பரிகாரத்தைப் புதிய திருத்தந்தைக்காகக் காத்திராமல் செய்யுங்கள்.

திருப்பலியில் திருத்தந்தையின் பெயரை விட்டதும் முறையே. அவரது இருக்கை காலியாக இருக்கும்போது ஆயரின் பெயர் மட்டும் சொல்லப்படும்.

ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி, 59 வயது நிறைவதோடு முடிகிறது. எனவே தாயாருக்கு அது இல்லை. சுத்தபோசனத்திற்கு (இறைச்சி தவிர்த்தலுக்கு) மேல்வயது வரம்பு இல்லையென்றாலும், நோய் காரணமாக உணவை மாற்ற முடியாதென்றால் பங்குத்தந்தையிடம் சொல்லி, அதற்கு ஈடாக வேறொரு தவமுயற்சியைப் பெற்றுக்கொள்ளலாம்.