தாத்தாவின் பூட்ஸ் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் இருந்து, இத்தாலி வரை சென்று திரும்பியவர். அவருடைய பூட்ஸை அப்பா ஒவ்வொரு தை மாதமும் எடுத்து, தேங்காயெண்ணெய் தடவி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, மீண்டும் டிரங்குப் பெட்டியில் வைப்பார். சென்ற ஆண்டு அப்பா காலமானார். இப்போது பெட்டியைத் திறந்து பார்த்தால் தோல் கட்டைபோல் விறைத்து, மேலெல்லாம் வெண்மையாகப் பூத்திருக்கிறது. அடியிலுள்ள ஆணிகள் துருவேறிக் கிடக்கின்றன. இங்குள்ள கடைக்காரர் ஒருவர், அடித்தோலைப் பிரித்துவிட்டு ரப்பர் சோல் வைத்து, பாலிஷ் போட்டுப் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

கு., திருச்சி

அன்புள்ள கு.,

கொடுக்க வேண்டாம். அவர் தொழில் தெரியாதவர் என்று சொல்லவில்லை. நாளை காலில் மாட்டிக்கொண்டு நடக்கவேண்டிய காலணிக்கு அவர் சொல்வதே சரியான வழி. ஆனால் இந்த பூட்ஸில் உங்கள் தாத்தா மிச்சமிருக்கும் இடம் அந்த அடித்தோல்தான். குதிகால் லாடமும் ஆணிகளும் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கின்றன என்று திருப்பிப் பாருங்கள். அவர் எந்தப் பக்கம் அழுத்தி நடந்தார் என்பது தெரியும். எதையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு அடிப்புறங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது அம்பு முத்திரையும் அதனுடன் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் தென்பட்டால், அது அன்றைய இந்தியாவில் அரசுக்காகத் தயாரிக்கப்பட்டது என்று பொருள். கறுப்புப் பாலிஷ் முதலில் மறைப்பது இத்தகைய முத்திரைகளைத்தான்.

வெள்ளைப் பூப்பு பூஞ்சணமா, கொழுப்பா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து, இளஞ்சூட்டில் சில நொடிகள் காட்டுங்கள். உருகி மறைந்தால் அது தோலின் உள்ளிருந்து வெளியேறி உறைந்த கொழுப்பு. மறையாமல் நின்றால் பூஞ்சணமாக இருக்கலாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது என்பதால், உங்கள் பூட்ஸில் இருப்பது கொழுப்பாகவே இருக்கும் என்பது என் ஊகம். பூஞ்சணமாக இருந்தால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் துடைத்தெடுங்கள்.

உங்கள் தந்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த மருந்து தேங்காயெண்ணெய்தான். எனினும் எண்ணெய் செய்த கெடுதலைவிட வெயில் செய்தது அதிகம். சூட்டில் தோலின் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று இறுகிவிட்டால், பிறகு எதைத் தடவினாலும் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே விறைப்பு முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மடிப்புகளை வளைத்துப் பார்க்கவும் வேண்டாம், அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

அருங்காட்சியகத்தார் இன்று பழைய தோலுக்கு எண்ணெயே வேண்டாம் என்கிறார்கள். நான் அவ்வளவு கண்டிப்பானவன் அல்லன். நீட்ஸ்ஃபுட் எண்ணெய் எனப்படும் மாட்டுக்கால் எண்ணெயைப் பஞ்சில் ஒற்றி, முதலில் பூட்ஸின் நாக்குத் தோலின் உட்புறத்தில் மட்டும் தடவி, இரண்டு நாட்கள் பொறுத்துப் பார்த்தபின் மற்ற இடங்களுக்கு மிக மெல்லியதாகப் பூசலாம். நான் ஒருமுறை பேராசைப்பட்டு ஒரு பழைய ஜோடியை இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவைத்தேன். காலையில் அது வெல்லப்பாகு நிறத்தில் தொளதொளத்து, தையல் விட்டுக் கிடந்தது. துடைக்கும்போது செம்மண்போலப் பொடி உதிர்ந்தால் எண்ணெயை நிறுத்திவிடுங்கள். அது தோலே மக்கும் நிலை; எண்ணெய் அதைக் கறுக்கவும் இறுகவும் செய்யும்.

ஆணிகளைச் சுற்றியுள்ள கருவளையங்களைச் சுரண்டாதீர்கள், அவை அழுக்கல்ல. மரப்பட்டையால் பதனிட்ட தோலின் துவர்ப்போடு இரும்பு கலந்தால் கறுக்கும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதிமாற்றத்தால்தான். துருவை உலர்ந்த தூரிகையால் தேய்த்து நிறமற்ற மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். புளியும் எலுமிச்சையும் அமிலம், கடையில் விற்கும் துருநீக்கியும் பெரும்பாலும் அப்படியே. வழிந்தால் தோலை அரிக்கும். கயிறு கோக்கும் பித்தளை வளையங்களில் பச்சைக் களிம்பு இருந்தால் பல்குத்தும் குச்சியால் நெருடி எடுங்கள்.

தையல் விட்டிருந்தால் அதே கடைக்காரரிடம் செல்லலாம். பழைய துளைகளிலேயே ஊசியைச் செலுத்தி, பருத்தி அல்லது சணல் நூலால் தைத்துத் தரும்படி கேளுங்கள். தைத்து முடிக்கும்வரை அருகிலேயே அமர்ந்திருங்கள்.

பிறகு அந்த டிரங்குப் பெட்டி வேண்டாம், பாலித்தீன் உறையும் வேண்டாம். உள்ளே பழைய வெள்ளைத் துணியைத் தளர்வாகத் திணித்து, மேலே பருத்தித் துணி போர்த்தி, சுவரோரம் ஒட்டாமல் அலமாரியில் வையுங்கள். அப்பாவைப் போலவே தை மாதத்தில் வெளியே எடுங்கள். எண்ணெய் இல்லாமல், மாடிக்குக் கொண்டுபோகாமல், கூடத்து நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட வைத்தால் போதும்.