வயிற்றுப்புண்: நுண் மோட்டார் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: திருவையாறு பக்கம் விவசாயம் பார்க்கிறேன், வயது 56. இரண்டு மாதம் முன்பு தஞ்சாவூரில் எண்டோஸ்கோபி செய்தார்கள். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண், எச்.பைலோரி கிருமியும் இருக்கிறது என்று 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் ஒரே கசப்பு. வலியும் விட்டதால் 5 நாளோடு நிறுத்திவிட்டேன். இப்போது விடியற்காலையில் மறுபடி எரிகிறது. வயிற்றுக்குள் தானே ஓடி மருந்து போடும் நுண் மோட்டார் வந்துவிட்டதாகச் சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீடியோ அனுப்பினான். அது வரும்வரை பொறுக்கலாமா டாக்டர்?

பதில்: பொறுக்க வேண்டாம் ஐயா. வீடியோவில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது ஓடியது எலியின் வயிற்றில்.

2017-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. தலைமுடியின் பருமனைவிடச் சிறிய மக்னீசிய உருண்டை. அதைச் சுற்றி மருந்துப் பூச்சு. ஓர் இடத்தில் மட்டும் பூச்சு இல்லாமல் திறந்த வாய். வயிற்று அமிலம் அந்த வாய் வழியே மக்னீசியத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் குமிழிகள் பொங்கி வரும். அந்த உதைப்பில் உருண்டை எதிர்ப்பக்கம் ஓடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அமிலமே அதற்கு எரிபொருள் என்பதுதான். அமிலம் செலவாகச் செலவாக அதன் வீரியமும் கொஞ்ச நேரத்துக்குத் தணிகிறது. அதில் ஏற்றியிருந்த கிளாரித்ரோமைசின் அமிலத்தில் சிதையக்கூடிய கிருமிக்கொல்லி மருந்து. உங்களுக்கு அமிலத்தைக் குறைக்கத் தனி மாத்திரை சேர்த்துக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எலிகளுக்கு அந்த மாத்திரை தேவைப்படவில்லை. கிருமியும் நன்றாகக் குறைந்தது.

இவ்வளவு சின்னப் பொருளை ஓட வைப்பது லேசல்ல. குடமுருட்டி ஆற்றில் நீந்தும்போது ஒரு தடவை கையை வீசினால், வீச்சு நின்ற பிறகும் உடம்பு கொஞ்ச தூரம் வழுக்கிப் போகும். நுண் உலகில் அது கிடையாது. தண்ணீரே அதற்குச் சேடை ஓட்டிய சேற்று வயல். உந்துவதை நிறுத்திய கணமே நின்றுவிடும். அதனால் விடாமல் தள்ள ஏதாவது வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் திருகாணி போன்ற நுண்பொருளைக் காந்தப்புலத்தால் சுழற்றி, பல்லின் நுண்குழாய்களுக்குள் செலுத்திக் கிருமியைக் கொல்ல முயல்கிறார்கள். பார்சிலோனா ஆய்வாளர்கள் நுண்துகள்களில் யூரியேஸ் என்ற நொதியை ஒட்டி, சிறுநீரில் உள்ள யூரியாவையே எரிபொருளாக்கினார்கள். அப்படி ஓடிய துகள்கள் எலிகளின் சிறுநீர்ப்பைக் கட்டியைச் சுமார் 90 சதவீதம் சுருக்கியதாக 2024-இல் எழுதினார்கள்.

அந்த யூரியேஸ் உங்கள் வயிற்றுக் கிருமியிடமும் இருக்கிறது. எச்.பைலோரி அதைக் கொண்டு அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணிக்கும். அதனால் வயிற்றுச் சுவரின் கெட்டியான சளிப்படலம் இளகும். ஒரு முனையில் இருக்கும் வால்களைச் சுழற்றி உள்ளே துளைத்துப் போகும். ஆய்வாளர்கள் இப்போது பழகும் வித்தை அதற்குப் பிறவியிலேயே கைவந்தது. அரைகுறை மருந்தில் தப்பிய கிருமிக்கு அந்த மருந்தே பலிக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. என் பயம் அதுதான்.

ஆகவே மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். அட்டையோடு போய், 5 நாள்தான் சாப்பிட்டேன் என்று அந்த மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வேறு மருந்துக் கூட்டு தரக்கூடும். வாய்க் கசப்பு பெரும்பாலும் கிளாரித்ரோமைசினால் வருவது. மருந்து முடிந்ததும் போய்விடும். நடவு நேரத்து இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் வகை மாத்திரை கூடவே கூடாது. மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி ஒழிந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே 108-ஐக் கூப்பிடுங்கள்.