“சேர்த்துத் தருகிறோம்” என்றார்கள், இப்போது இல்லை என்கிறார்கள்

கேள்வி: சென்னையில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த பெரியம்மாவை ஆறு வருடம் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டேன். மகள்தான் வேலைக்கு வைத்தார். பேசிய சம்பளம் 15,000. மாதம் 9,000 ஜிபேயில் வரும். மீதியை என் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். நான்கு மாதம் முன்பு பெரியம்மா இறந்துவிட்டார். காரியத்துக்குக்கூட என்னை அழைக்கவில்லை. பாக்கியே இல்லை என்கிறார்கள். “அக்கா, உங்க மாசாமாசம் 6,000 எங்ககிட்ட பத்திரமா இருக்கு” என்று இரண்டு வருடம் முன்பு மகள் அனுப்பிய வாட்ஸப் இருக்கிறது. பணம் வரும்வரை பின்கட்டு அறையைக் காலி செய்ய மாட்டேன்.

பதில்: அம்மா, ஆறு வருடம் ஒருவருக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். காரியத்துக்கு அழைக்காததை மட்டும் வழக்கில் சேர்க்காதீர்கள். உங்களுக்கு முக்கியம் அந்த வாட்ஸப்.

சம்பளப் பாக்கிக்குக் காலவரம்பு மூன்று வருடம். ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் தனித்தனியாக ஓடும். அந்தச் செய்தி இல்லையென்றால் கடைசி மூன்று வருடத்தில் வேலை நின்ற நான்கு மாதம் போக 32 மாதம், அதாவது 1,92,000தான் கேட்கலாம். அதைக் கடனை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் ஏற்றால் செய்திக்கு முந்தைய மூன்று வருடமும் சேர்ந்து சுமார் 56 மாதம், 3,36,000. ஆனால் அதற்கும் செய்தி வந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான், இன்னும் ஒரு வருடமே மீதி. கல்யாணத்தின்போது தருவதாகச் சொன்னதால் கெடு இன்னும் தொடங்கவில்லை என்று வாதிடலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வீட்டு வேலையை வெளியே வைத்துவிட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டப் பாதுகாப்பை ஆராயும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. அது வரும்போது வரட்டும், உங்களுக்கு இப்போது சிவில் வழக்குதான்.

எனக்குப் பயமே அந்த அறையால்தான். காவலுக்கோ வேலைக்கோ தங்கியவருக்கு எத்தனை வருடமானாலும் வீட்டில் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் மேல் அடுத்து வருவது “நகையைக் காணோம்” என்ற புகார். ஸ்டேஷனில் இரவு வரை உட்காரவைப்பார்கள். கடைசியில் இருபதாயிரத்தைக் கையில் திணித்து, “முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். லட்சக்கணக்கில் வரவேண்டிய பெண்கள் இப்படித் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வாரமே காலி செய்யுங்கள். அக்கம்பக்கத்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு அறையை வீடியோ எடுங்கள். சாவி கொடுத்ததற்கு எழுதி வாங்குங்கள். வேறெந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

அப்புறம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே எழுதப்படும் முடிவு தீர்ப்புக்குச் சமம். இரண்டரை லட்சம் வரை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகைக்காக நான்கைந்து வருடம் கோர்ட்டு ஏறும் வலு உங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் சமரசம் வராவிட்டால் வழக்குப் போட்டுவிடுங்கள்.

அதுவரை அந்த போனை மாற்றவோ ரிப்பேருக்குக் கொடுக்கவோ வேண்டாம்.